புழுவின் மேல் ஏறிய மக்கள்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டுப் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இன்றைக்கு ஒரு புழுவைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்க வேண்டாம். சென்ற மாதம் விலைவாசியைப் பற்றிப் பேசினோம். அதற்கு முந்தின மாதம் கூலிச் சட்டத்தைப் பற்றிப் பேசினோம். இந்த மாதம் புழுவா என்று மூத்த தோழர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. ஆனால் காரணம் இல்லாமல் இதை எடுக்கவில்லை.

ஆலையில் இரவு ஷிப்டு பார்க்கும் இளந்தோழர்கள் நான்கைந்து பேர் ‘ட்யூன்’ என்ற சினிமாப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். 2021-ல் ஒரு பாகமும் 2024-ல் இன்னொரு பாகமும் வந்த படம் அது. டீக்கடையில் அதைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். “கதை என்ன?” என்று கேட்டோம். “பாலைவனத்தில் மலை மாதிரி ஒரு புழு வருகிறது. ஒரு பெரிய இயந்திரத்தை அப்படியே விழுங்கிவிடுகிறது” என்றார்கள். “அந்த இயந்திரத்தில் வேலை செய்தவர்கள் என்ன ஆனார்கள்?” என்று கேட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “பிழைத்தார்கள் போலிருக்கிறது” என்றார் ஒருவர். “நான் கவனிக்கவில்லை” என்றார் மற்றொருவர்.

தோழர்களே, புழுவைப் பார்த்த கண் தொழிலாளியைப் பார்க்கவில்லை. தப்பு அந்தத் தம்பிகளுடையதல்ல. திரை முழுவதையும் புழு அடைத்துக்கொண்டால் மனிதன் எறும்பாகத்தான் தெரிவான். ஆகவே படத்துக்கு மூலமான நாவலை எடுத்துப் படித்தோம். படித்ததை உங்கள் முன் வைக்கிறோம்.

கதை பிறந்த இடம்

நாவலை எழுதியவர் பிராங்க் ஹெர்பர்ட் என்ற அமெரிக்கர். 1920-ல் பிறந்து 1986-ல் இறந்தவர். பத்திரிகை வேலை பார்த்தவர். அவர் நம்முடைய ஆள் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 1954-ல் ரிபப்ளிகன் கட்சி செனட்டர் ஒருவருக்குப் பிரசங்கம் எழுதிக் கொடுத்தவர். எந்தச் சர்க்காரையும் நம்பாத மனிதர். ஆனாலும் கண் உள்ளவர். கண் உள்ளவன் எழுதினால் அவனை அறியாமலே சில உண்மைகள் எழுத்தில் வந்து விழும்.

1957-ல் அவர் ஆரெகன் மாநிலத்தின் கடற்கரையில் பிளாரன்ஸ் என்ற ஊருக்குப் போனார். அங்கே மணல் மேடுகள் காற்றில் நகர்ந்து வந்து சாலைகளையும் வீடுகளையும் மூடிக்கொண்டிருந்தன. அமெரிக்க விவசாய இலாகா ஒருவகைப் புல்லை நட்டு, அதன் வேரால் மணலைக் கட்டி நிறுத்த முயன்றுகொண்டிருந்தது. இதைப் பற்றிக் கட்டுரை எழுதத்தான் ஹெர்பர்ட் போனார். அந்தக் கட்டுரை அச்சேறவில்லை. ஆனால் மணல் அவர் மனத்தை விட்டுப் போகவில்லை. பாலைவனங்களைப் பற்றியும், அங்கே வாழும் மக்களைப் பற்றியும், அங்கே தோன்றிய மதங்களைப் பற்றியும் வருஷக்கணக்கில் படித்தார். 1963 முதல் 1965 வரை ‘அனலாக்’ என்ற பத்திரிகையில் கதை தொடராக வந்தது. புத்தகமாகப் போடச் சொல்லிக் கேட்டபோது ஏறத்தாழ இருபது பதிப்பாளர்கள் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் 1965-ல் அதை வெளியிட்டது யார் தெரியுமா? மோட்டார் கார் ரிப்பேர் செய்வது எப்படி என்று புத்தகம் போடுகிற ஒரு கம்பெனி!

புழு எப்படிப்பட்டது?

அராக்கிஸ் என்பது ஒரு கிரகம். கற்பனைக் கிரகம்தான். கிரகம் முழுவதும் பாலைவனம். வானத்திலிருந்து ஒரு சொட்டு மழை விழாது. அந்த மணலுக்குள் வாழ்கிறது இந்தப் புழு. நானூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ளவை கூட உண்டு என்று நாவல் சொல்கிறது. கால் இல்லை. உடல் முழுவதும் வளையம் வளையமாக இருக்கும். வாய் நிறையப் பற்கள். மணலுக்குள் அது ஓடும்போது, மேலே மணல் அலை எழும்பி வருவது தூரத்திலிருந்தே தெரியும். தண்ணீர் அதற்கு விஷம். பாறைக்குள் அதனால் நுழைய முடியாது.

அதை இழுப்பது எது? தாளம். ஒரே சீராக மணலில் எழும் அதிர்வு. மனிதன் சாதாரணமாக நடந்தால் போதும். ‘தப், தப்’ என்ற காலடி கேட்டுப் புழு வந்துவிடும். ஆலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இயந்திரத்தின் தாளம் கட்டிடத்தின் தரை வழியாக ஏறி, வீட்டுக்குப் போன பிறகும் எலும்புக்குள் கேட்டுக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி அதிர்வு.

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். வயலிலிருந்து நேரே இங்கே வந்திருக்கும் தோழர்களுக்கு மண்புழுவைத் தெரியும். சார்லஸ் டார்வின் என்ற மகத்தான விஞ்ஞானி 1881-ல், இறப்பதற்கு முந்தின வருஷம், ஒரு புத்தகம் வெளியிட்டார். முழுக்க முழுக்க மண்புழுவைப் பற்றிய புத்தகம். புழு இருந்த தொட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பியானோ வாசித்துப் பார்த்தார், புழு அசையவில்லை. அதே தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து வாசித்தார். புழு சட்டென்று வளைக்குள் ஓடிவிட்டது. அதாவது, புழுவுக்குக் காது இல்லை, அதிர்வுதான் தெரியும். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஒரு ஏக்கரில் வருஷத்துக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியாகச் சென்று மேலே வருகிறது என்றும் டார்வின் கணக்கிட்டார். நாம் காலால் மிதித்துவிட்டுப் போகிற பிராணி, நாம் உழுகிற மண்ணை ஆக்கித் தருகிறது!

ஹெர்பர்ட்டின் புழுவும் அப்படித்தான். அந்தக் கிரகத்தின் மணலில் பெரும்பகுதி புழுவின் வேலை என்று நாவல் சொல்கிறது. அங்கே வாழும் பிரெமன் என்ற மக்கள் அதை ஷாய்-ஹுலுத் என்று அழைக்கிறார்கள். ‘பாலைவனத்தின் பாட்டன்’ என்பார்கள். ‘ஆக்குவோன்’ என்றும் சொல்வார்கள். அந்தப் பெயரைக் கவனியுங்கள். நகரத்தில் இருக்கும் பிரபுக்களுக்கு அது பேய். மணலில் வாழும் மக்களுக்கு அது ஆக்குவோன்.

அது ஆக்கும் பொருள் என்ன?

மெலாஞ்ச் என்ற ஒரு பொருள். மசாலா என்று சொல்லிக்கொள்வோம். பட்டை மாதிரி வாசனை அடிக்குமாம். அதைச் சாப்பிட்டால் ஆயுள் நீளும். விண்வெளியில் கப்பல் ஓட்டுகிறவர்களுக்கு அது இல்லாமல் வழி தெரியாது. பழகிவிட்டால் விட முடியாது. விட்டால் உயிர் போய்விடும். பிரபஞ்சத்தில் வேறெங்கும் அது கிடைப்பதில்லை.

அது எப்படி உண்டாகிறது? புழுவின் குஞ்சுகள் மணலுக்கடியில் இருக்கின்றன. மணல்மீன் என்று அவற்றுக்குப் பெயர். அவை எங்கே ஈரம் கண்டாலும் கூட்டமாகச் சேர்ந்து அதைச் சுற்றி வளைத்து அடைத்துவிடும். அந்தத் தண்ணீரும் அவற்றின் கழிவும் ஆழத்தில் கலந்து புளிக்கிறது. வாயு சேர்ந்து ஒருநாள் வெடித்து மேலே வருகிறது. வெயிலும் காற்றும் பட்டு மசாலாவாகிறது. பிழைத்த குஞ்சுகள் வளர்ந்து பெரும் புழுவாகின்றன. புழு இல்லையேல் மசாலா இல்லை. பாலைவனம் இல்லையேல் புழு இல்லை. தண்ணீரை அடைத்து வைத்துப் பாலைவனத்தைக் காப்பாற்றுவதே அந்தக் குஞ்சுகள்தான். ஒரு சங்கிலியின் கண்ணிகள் மாதிரி எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன.

இப்போது கேளுங்கள். இந்த மசாலாவை யார் அனுபவிக்கிறார்கள்? ஒரு சக்கரவர்த்தி இருக்கிறான். அவனுக்குக் கீழே பெரிய பிரபுக் குடும்பங்கள் இருக்கின்றன. எல்லோரும் சேர்ந்து ஒரு ஏகபோகக் கம்பெனி வைத்திருக்கிறார்கள். யாருக்கு எத்தனை பங்கு என்பதில்தான் அவர்களுக்குள் சண்டை. ஹார்கோனன் என்ற குடும்பம் எண்பது வருஷம் அராக்கிஸைக் குத்தகைக்கு எடுத்த மாதிரி ஆண்டு, உறிஞ்சித் தள்ளுகிறது. எண்பது வருஷம் கொள்ளையடித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது: மசாலா எப்படி உண்டாகிறது என்பது தெரியாது! அவர்கள் கண்ணில் புழு ஒரு தொந்தரவு. அறுவடைக்கு இடையூறு. செலவுக் கணக்கில் ஒரு வரி.

தன் செல்வம் எங்கிருந்து வருகிறது என்பதே தெரியாத முதலாளி! இப்படி ஒரு ஆள் கதையில் மட்டும்தான் இருப்பானா? இதில் கற்பனை எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள். மசாலாவுக்குப் பதில் பெட்ரோல் என்று போட்டுப் படியுங்கள். இருபதாம் நூற்றாண்டில் மேற்கு ஆசியாவின் பாலைவனங்களில் நடந்த கதை தெரியும். தாம் எண்ணெயை மனத்தில் வைத்து எழுதியதை ஹெர்பர்ட்டே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

இயந்திரத்தில் இருந்தவர்கள்

இப்போது தம்பிகளிடம் நாம் கேட்ட கேள்விக்கு வருவோம்.

மசாலா அள்ளுவதற்கு ஒரு அறுவடை இயந்திரம். நூற்றிருபது மீட்டர் நீளம், நாற்பது மீட்டர் அகலம். ஒரு தொழிற்சாலையே மணலில் ஊர்ந்து போகிற மாதிரி. அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளிகள். இயந்திரம் ஓடினால் அதிர்வு எழும். அதிர்வு எழுந்தால் புழு வரும். வருமா வராதா என்ற கேள்வியே கிடையாது. எப்போது வரும் என்பதுதான் கேள்வி. ஆகவே மேலே காவல் விமானங்கள் வட்டமிடும். புழு வருவதை முதலில் கண்டு சொல்கிறவருக்குப் போனஸ் உண்டு. புழு நெருங்குகிற கடைசி நிமிஷத்தில் ஒரு பெரிய தூக்கு விமானம் வந்து இயந்திரத்தை அப்படியே கவ்விக்கொண்டு பறந்துவிடும். அதுவரை வேலை நிற்காது. ஆபத்து வருகிறது என்று தெரிந்தும் கடைசிக் கூடை வரை அள்ள வேண்டும். இதுதான் அங்கே தொழில் முறை.

ஹார்கோனன் போய், அட்ரெய்டிஸ் குடும்பத்தின் பிரபு லெட்டோ அங்கே ஆள வருகிறான். அறுவடையைப் பார்க்க விமானத்தில் போகிறான். புழு வருகிறது. தூக்கு விமானம் வரவில்லை! நேரம் ஓடுகிறது. உடனே எல்லோரும் வெளியே வந்து தன் விமானங்களில் ஏறும்படி பிரபு உத்தரவிடுகிறான். அப்போது இயந்திரத்திலிருந்து என்ன பதில் வருகிறது தெரியுமா? சரக்கு கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது, அதை எப்படி விட்டுவிட்டு வருவது என்கிறார்கள்!

தோழர்களே, நாவலைப் படித்துக்கொண்டு வந்த நாம் இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். சாவு நாலு நிமிஷத்தில் வரப் போகிறது. அந்த மனிதர்கள் கவலைப்படுவது யாருடைய சரக்கைப் பற்றி? எண்பது வருஷம் அந்தப் பழக்கம் அவர்கள் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. சரக்கு போனால் கணக்குக் கேட்பார்கள். ஆள் போனால் யார் கேட்கப் போகிறார்கள்?

நம்மில் எத்தனை பேர் ஓடுகிற இயந்திரத்தில் கையை விட்டு நூலை எடுத்திருக்கிறோம்? உற்பத்தி குறைந்துவிடுமே என்று காய்ச்சலோடு நின்றிருக்கிறோம்? கட்டு இருட்டுவதற்குள் களத்துக்குச் சேர வேண்டும் என்று பாம்புப் புற்றைக் கண்டும் காணாமல் போயிருக்கிறோம்? கைகளைத் தூக்கச் சொல்லவில்லை. அவரவர் மனத்துக்குத் தெரியும்.

லெட்டோ சரக்கு நாசமாகப் போகட்டும் என்று சொல்லி ஆட்களைக் காப்பாற்றுகிறான். இடம் போதவில்லை என்று விமானத்திலிருந்த விலையுயர்ந்த கருவிகளைத் தூக்கி எறியச் சொல்கிறான். கூட இருந்த கைன்ஸ் என்ற விஞ்ஞானி அதைப் பார்க்கிறான். மசாலாவை விட மனிதனுக்காகக் கவலைப்படுகிற ஒரு பிரபுவா என்று ஆச்சரியப்படுகிறான். அடுத்த நிமிஷம் புழு வாயைத் திறக்கிறது. இயந்திரம் உள்ளே போய்விடுகிறது.

நல்ல பிரபுதான். மறுக்கவில்லை. ஆனால் அந்த நல்ல பிரபுவுக்கு என்ன கதி? சில நாட்களில் சக்கரவர்த்தியும் ஹார்கோனனும் சேர்ந்து சதி செய்து அவனைத் தீர்த்துக்கட்டுகிறார்கள். ஒரு நல்ல மனிதன் மேலே உட்கார்ந்துவிட்டதால் அமைப்பு மாறிவிடாது. அமைப்பு அவனை விழுங்கிவிடும். புழுவை விட வேகமாக விழுங்கும்.

மணலில் வாழத் தெரிந்தவர்கள்

இனி பிரெமன் மக்களைப் பார்ப்போம். அவர்கள் பாலைவனத்தின் குடிகள். உடம்பிலிருந்து வெளியேறும் வேர்வையைக் கூட வடித்து மறுபடி குடிக்கும்படி ஒரு உடை தைத்து அணிகிறார்கள். செத்தவனுடைய உடம்பின் தண்ணீர் கூட ஊருக்குச் சொந்தம். நகரத்துக்காரர்கள் அவர்களைக் காட்டுமிராண்டிகள் என்கிறார்கள். ஆனால் புழுவோடு வாழத் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டுமே.

அவர்கள் மணலில் நடக்கும்போது தாளத்தை உடைத்து நடப்பார்கள். ஒரு எட்டு வைத்து, ஒரு கால் இழுத்து, கொஞ்சம் நின்று, மறுபடி ஒரு எட்டு. காற்றில் மணல் சரிகிற மாதிரி. புழுவை வேண்டுமென்றே அழைப்பதற்கு ஒரு கோல் வைத்திருக்கிறார்கள். அதை மணலில் குத்தி வைத்தால், முறுக்கி விட்ட வில் ‘டொக், டொக்’ என்று சீராகத் தட்டும். புழு வரும். வருகிறபோது ஒருவன் ஓடிப்போய் அதன் வளையத்தின் விளிம்பில் கொக்கியை மாட்டித் தூக்குவான். வளையத்துக்கு உள்ளே இருக்கும் மெல்லிய சதையில் மணல் படக்கூடாது என்று புழு அந்தப் பக்கத்தை மேலே திருப்பிக்கொள்ளும். கொக்கியை எடுக்கும் வரை மணலுக்குள் மூழ்காது. அவ்வளவுதான்! மலை போன்ற பிராணி வாகனமாகிவிட்டது. எல்லோரும் ஏறிக்கொள்வார்கள்.

இதில் மந்திரம் இல்லை, மாயம் இல்லை. ஒரு பிராணிக்கு எங்கே வலிக்கும், அது என்ன செய்யும் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துக் கற்ற வித்தை. பிரபுக்களின் கப்பல்களுக்கும் துப்பாக்கிகளுக்கும் எட்டாத விஷயம், செருப்புத் தேயப் பாலைவனத்தில் நடந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உழைப்பவனுக்குத்தான் பொருளின் குணம் தெரியும். பஞ்சைத் தொட்டுப் பார்த்ததும் நூல் அறுமா அறாதா என்று சொல்கிறவர் இந்த அறையிலேயே இருக்கிறார். மண்ணை முகர்ந்து பார்த்து ஈரம் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லக்கூடிய அம்மாவும் இருக்கிறார்.

ஒரு சாரதி வருகிறான்

இங்கேதான், தோழர்களே, கதையின் கசப்பான பகுதி ஆரம்பமாகிறது.

கொல்லப்பட்ட பிரபுவின் மகன் பால் தாயோடு பாலைவனத்துக்கு ஓடிப்போய்ப் பிரெமன் மக்களிடம் அடைக்கலம் புகுகிறான். நம்மைக் காக்க வெளியுலகிலிருந்து ஒருவர் வருவார் என்ற நம்பிக்கை அந்த மக்களிடம் முன்பே இருக்கிறது. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அரண்மனைகளோடு உறவுள்ள ஒரு சகோதரிகள் மடம், தங்களுக்கு என்றாவது உதவும் என்று பல காலத்துக்கு முன்பே அந்த மக்களிடையே விதைத்துவிட்டுப் போன கட்டுக்கதை அது! தாயும் மகனும் அதைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

எதிர்முகாமிலும் இதே தந்திரம்தான். ஹார்கோனன் பெரியவன் தன் கொடிய மருமகன் ஒருவனை அனுப்பி, நன்றாகப் பிழியச் சொல்கிறான். மக்கள் தாங்க முடியாமல் கதறுகிற நேரத்தில் இன்னொரு மருமகனை ரட்சகனாக அனுப்புவதென்பது அவன் திட்டம். கொடுமைக்காரனும் ஒரே வீடு, ரட்சகனும் அதே வீடு!

பால் புழுவின் மேல் ஏறக் கற்றுக்கொள்கிறான். பிறகு பிரெமன் படை புழுக்களின் மேல் ஏறிப் புயலோடு புயலாக வந்து சக்கரவர்த்தியின் சேனையைச் சிதறடிக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தில் ஈயாடவில்லை. மசாலா உண்டாவதையே அடியோடு நிறுத்திவிட என்னால் முடியும் என்று பால் சொன்னதும் பிரபஞ்சமே பணிகிறது. ஒரு பொருளை நிறுத்தக் கூடியவன் கையில்தான் அதன் அதிகாரம் இருக்கிறது. வேலைநிறுத்தம் செய்து பார்த்த தோழர்களுக்கு இந்த உண்மை புதிதல்ல.

ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். நாம் வேலையை நிறுத்தினால் கமிட்டி கூடிப் பேசி, கை தூக்கி, முடிவு செய்து நிறுத்துகிறோம். அங்கே எல்லாம் ஒரே ஒருவன் வாயில் இருக்கிறது. புழுவை ஓட்டத் தெரிந்த ஒரு ஜனசமூகமே தன் கொக்கியைக் கொண்டுபோய் ஒருவன் கையில் கொடுத்துவிட்டது. பலன்? 1969-ல் ஹெர்பர்ட் எழுதிய இரண்டாவது நாவலில் பாலே கணக்குச் சொல்கிறான்: அவன் பெயரால் நடந்த புனிதப் போரில் மாண்டவர்கள் 6,100 கோடி. அந்தப் போரில் கொன்றவர்களும் செத்தவர்களும் யார்? மணலில் நடக்கத் தெரிந்த அதே மக்களின் பிள்ளைகள் அதில் இருந்தார்கள்.

ரட்சகனை நம்பாதீர்கள் என்று எச்சரிக்கத்தான் எழுதினேன் என்று ஹெர்பர்ட் சொன்னார். படித்தவர்களில் பலர் பாலை வீரனென்று கொண்டாடிவிட்டார்கள். இதில் நமக்கும் ஒரு குட்டு இருக்கிறது. தலைவரின் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டுக் கமிட்டிக் கூட்டத்துக்கு வராமல் இருக்கிற பழக்கம் நம்மிடையே இல்லை என்று சொல்ல முடியுமா?

பச்சை வந்தது, புழு போனது

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. விவசாயத் தோழர்கள் கூர்ந்து கேட்க வேண்டும்.

பிரெமன் மக்களுக்கு ஒரு கனவு உண்டு. கைன்ஸ் விஞ்ஞானியின் தகப்பன் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த கனவு. பனித்துளியைச் சேர்த்து, காற்றின் ஈரத்தைப் பிடித்து, நிலத்தடியில் தேக்கி, புல் நட்டு, பிறகு செடி நட்டு, சில நூறு வருஷங்களில் கிரகத்தைப் பச்சையாக்க வேண்டும். பேரன் பேத்திகளுக்குக் கூடக் கிட்டாது. அவர்களுக்கும் பின்னால் வருகிறவர்களுக்குத்தான் கிட்டும். தெரிந்தே உழைக்கிறார்கள். ரகசியமாக உழைக்கிறார்கள். வானத்திலிருந்து யாரும் வேவு பார்க்கக் கூடாது என்பதற்காகக் கப்பல் கம்பெனிக்கு மசாலாவாகவே லஞ்சம் கொடுக்கிறார்கள். உன்னதமான கனவு. தண்ணீர் கேட்கிற மனிதனைத் தப்பு என்று யார் சொல்வது?

ஆனால் தண்ணீர் புழுவுக்கு விஷம். 1981-ல் வந்த நாலாவது நாவலில் மூவாயிரத்து ஐந்நூறு வருஷம் கழிந்திருக்கிறது. அராக்கிஸில் ஆறு ஓடுகிறது, காடு வளர்ந்திருக்கிறது. புழு இல்லை. பாலின் மகனே பாதி புழுவாக மாறி, மிச்சமிருக்கும் மசாலாவைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு கொடுங்கோல் ஆட்சி நடத்துகிறான். பிரெமன் மக்கள் என்ன ஆனார்கள்? பழைய காலத்து உடையை மாட்டிக்கொண்டு, பழைய சடங்குகளை யாத்திரிகர்களுக்கு நடித்துக் காட்டுகிற பொம்மைகளாகிவிட்டார்கள். ஏன் தாளத்தை உடைத்து நடந்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. வித்தை போனது, மானமும் போனது.

அப்படியானால் பச்சையாக்கியது குற்றமா? அப்படிச் சொல்லவில்லை. சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் பிடித்து இழுத்தால் மற்றக் கண்ணிகள் அறுந்து போகும் என்கிறோம். இதற்கு நிஜத்திலேயே சாட்சி உண்டு. ஆரெகனில் மணலைக் கட்ட நட்டார்களே, ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த புல், அது வேலையைச் செய்தது. வேண்டிய அளவுக்கு மேலும் செய்தது. திறந்த மணல் மேடுகளை மூடிக்கொண்டு பரவியது. அந்த மணலில் மட்டுமே வாழும் செடிகளுக்கும் பறவைகளுக்கும் இடமில்லாமல் போயிற்று. இன்றைக்கு அதே கடற்கரையில் ஆட்களை வைத்து அந்தப் புல்லைப் பிடுங்குகிறார்கள்! ஹெர்பர்ட் 1957-ல் பார்த்து வியந்த காரியத்தின் மறுபக்கம் இது.

கேள்வியும் பதிலும்

பேச்சு முடிந்ததும் ஒரு விவசாயத் தொழிலாளி அம்மா எழுந்து கேட்டார்: “எல்லாம் சரிங்க. அந்தப் புழு நல்லதா, கெட்டதா? அதைச் சொல்லுங்க.”

கூட்டத்தில் சிரிப்பு. ஆனால் கேள்வி சரியான கேள்வி. நாம் சொன்ன பதில் இதுதான்: புழுவுக்கு நல்லது கெட்டது கிடையாது, அம்மா. மழைக்கு உண்டா, ஆற்றுக்கு உண்டா? அதன் தன்மையை அறிந்தவனுக்கு அது வாகனம். அறியாதவனுக்கு எமன். அதை வைத்துக் காசு பண்ணுகிறவனுக்கு அது ஒரு கணக்கு. நாம் கேட்க வேண்டியதெல்லாம் வேறு: அது ஆக்குகிற பொருள் யாருக்குப் போகிறது? அதன் வாய்க்கு முன்னால் நிற்க வைக்கப்படுகிறவன் யார்? கொக்கி யார் கையில் இருக்கிறது?

அந்த அம்மா சற்று யோசித்தார். “அப்போ கொக்கியை யார்கிட்டயும் குடுக்கக் கூடாது” என்றார்.

இரவு ஷிப்டுத் தம்பிகள் கைதட்டினார்கள். நாம் ஒன்றரை மணி நேரம் பேசியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

தோழர்களே, படம் பாருங்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். புழு வருகிற கட்டத்தில் நன்றாகப் பயப்படுங்கள். அதற்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் அடுத்த முறை பார்க்கும்போது இயந்திரத்திலிருந்து இறங்கி மணலில் ஓடி வருகிறார்களே, அந்த இருபது சொச்சம் பேரை எண்ணிப் பாருங்கள். எல்லோரும் வந்து சேர்ந்தார்களா என்று பாருங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் கேட்போம்.